7 எங்கே போனது? ஒரு பழைய கம்பி கற்றுத்தந்த பாடம்

சுங்கை சிப்புட்டைத் தாண்டிச் சற்று உள்ளே போனால் ஓர் இடம். ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம். இன்று கண்ணுக்கு எட்டிய தூரம் வரை செம்பனை. லயன் வீடுகள் நின்ற வரிசையில் இரண்டு மாமரங்களும் ஒரு சின்னக் கோயிலும் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. அதை ஒட்டி, சிறுதோட்டக்காரர்களிடம் செம்பனைக் குலைகளை வாங்கும் நிலையம் ஒன்று இருக்கிறது. லோரியை அப்படியே ஏற்றி எடை போடும் இரும்பு மேடை அங்குண்டு. 'திம்பாங்' என்றுதான் எல்லாரும் சொல்வார்கள்.

என் தொழிற்பயிற்சியின்போது அங்கே ஒரு வேலைக்கு அனுப்பப்பட்டேன். ஈப்போவில் கணினி வலையமைப்புப் பொருத்தித் தரும் ஒரு சிறிய நிறுவனத்தில் மூன்று மாதப் பயிற்சி. வேலை கேட்பதற்கு எளிதுதான். மேடையின் எடையைக் காட்டும் கருவியிலிருந்து ஒரு சீரியல் கம்பி வருகிறது. அதை ரௌட்டரில் இருக்கும் சீரியல் தொகுதியில் செருக வேண்டும். பிறகு ரௌட்டரின் வலைப்பக்கத்தைத் திறந்து அமைப்புகளைச் சரியாக நிரப்ப வேண்டும். அவ்வளவு முடிந்தால், எடை இணையம் வழியாக ஈப்போ அலுவலகக் கணினிக்குப் போய்ச் சேரும். அதுவரை நிலையத்தின் எடைக் கிளார்க் ஒவ்வோர் எண்ணையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி, மாலையில் தட்டச்சு செய்து அனுப்பிக்கொண்டிருந்தார்.

மடிக்கணினியில் உலாவியைத் திறந்து ரௌட்டரின் முகவரியைத் தட்டினேன். பெயர், மறைச்சொல் கேட்டது. உள்ளே போனால் சீரியல் பகுதிக்குத் தனிப் பக்கம். வேகம் 9600, தரவு பிட் 8, பேரிட்டி இல்லை, நிறுத்த பிட் 1 என்று நிரப்பினேன். வகுப்பில் படித்தது அதுதான். பயிற்சிக்கூடத்தில் எப்போதும் வேலை செய்ததும் அதுதான். சேமித்தேன்.

காலி மேடைக்கு 000000 என்று வந்தது. முதல் லோரி ஏறியது. எடை நிலைத்ததும் கிளார்க் அங்கிள் பொத்தானை அழுத்தினார். கருவியில் 6,350 கிலோ. என் திரையில் 006350. கச்சிதம்! 'முடிந்துவிட்டது' என்று மேற்பார்வையாளருக்குத் தகவலும் அனுப்பிவிட்டேன்.

இரண்டாவது லோரி ஏறியது. கருவியில் 7,360. என் திரையில் இரண்டு பூச்சியம், பிறகு நடுவில் ஒரு சிறு புள்ளி, பிறகு 360.

அங்கிள் எட்டிப் பார்த்தார். "என்னாம்மா இது, ஏழு எங்க போச்சு?"

எனக்கும் தெரியவில்லை. அதைவிட மோசமான செய்தி சற்று நேரத்தில் ஈப்போவிலிருந்து வந்தது. அங்கிருந்த மென்பொருள், எண் அல்லாத குறிகளைத் தூக்கி எறிந்துவிட்டு மிச்சத்தைப் பதிவு செய்யும்படி எழுதப்பட்டிருந்தது. அதன் கணக்கில் அந்த லோரியின் மொத்த எடை 360 கிலோ. 7,000 கிலோ ஒரு புள்ளியோடு மறைந்துபோயிருந்தது. எந்த எச்சரிக்கையும் வரவில்லை. எந்தச் சிவப்பு விளக்கும் எரியவில்லை. வெளியே மூன்று லோரிகள் வரிசையில் நின்றன. அதில் இருப்பது யாரோ ஒருவருடைய பதினைந்து நாள் உழைப்பு.

பாதி சரி, பாதி தவறு

மேற்பார்வையாளரைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் திட்டவில்லை. எந்தெந்த எண் சரியாக வருகிறது, எந்தெந்த எண் கெட்டுப்போகிறது என்று பட்டியல் எழுதச் சொன்னார். அங்கிள் பழக்கத்தை விடாமல் அன்றும் நோட்டில் எழுதிக்கொண்டிருந்ததால் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. சில லோரிகள் கழித்துப் பட்டியல் தெளிவாயிற்று. 0, 3, 5, 6, 9 ஆகியவை ஒழுங்காக வந்தன. 1, 2, 4, 7, 8 ஆகியவை வினோதக் குறிகளாக மாறின. முதல் லோரியின் எடை 6,350. நான்கும் நல்ல கூட்டத்து எண்கள்! அதனால்தான் நான் ஏமாந்தேன்.

ஏன் இப்படி? இதற்கு விடை காண இரட்டை எண்முறை தெரிந்தால் போதும். நான்காம், ஐந்தாம் படிவத்தில் கணினி அறிவியல் எடுத்தவர்கள் காகிதம் எடுத்துக் கூடவே எழுதிப் பாருங்கள்.

கம்பியில் 7 என்ற எண் 7 ஆகப் போவதில்லை. ஆஸ்கி குறியீட்டில் அதற்கு 55 என்று பெயர். அதை 7 பிட்டில் எழுதினால் 0110111. இதில் ஐந்து 1கள் உள்ளன. 6க்குக் குறியீடு 54, அதாவது 0110110. இதில் நான்கு 1கள்.

சில கருவிகள் இந்த 7 பிட்டோடு எட்டாவதாக ஒரு சரிபார்ப்பு பிட்டையும் சேர்த்து அனுப்பும். அதுதான் பேரிட்டி. 'இரட்டைப்படைப் பேரிட்டி' என்றால், மொத்த 1களின் எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படையாக இருக்க வேண்டும். 6இல் ஏற்கெனவே நான்கு இருப்பதால் பேரிட்டி 0. 7இல் ஐந்து இருப்பதால் ஒன்றைச் சேர்த்து ஆறாக்க வேண்டும். ஆகவே பேரிட்டி 1. வழியில் ஒரு பிட் கெட்டுப்போனால் எண்ணிக்கை ஒற்றைப்படையாகிவிடும். பெறுபவர் பிழையைக் கண்டுகொள்வார்.

எங்கள் எடைக் கருவி அந்த வகை. அது 7 தரவு பிட், ஒரு பேரிட்டி என்று அனுப்பியது. நான் ரௌட்டரிடம் 8 தரவு பிட், பேரிட்டி இல்லை என்று சொல்லியிருந்தேன். ஆகவே ரௌட்டர் அந்தப் பேரிட்டி பிட்டையும் தரவு என்றே எடுத்துக்கொண்டது. எட்டாவது பிட்டுக்கு மதிப்பு 128. 6க்கு அந்த இடத்தில் 0 இருந்ததால் 54 அப்படியே 54. 7க்கு 1 இருந்ததால் 55உடன் 128 கூடி 183. பல கணினிகள் பயன்படுத்தும் எழுத்து அட்டவணையில் 183ஆம் இடத்தில் இருப்பது நடுவில் நிற்கும் ஒரு சிறு புள்ளி. அங்கிள் தேடிய 7 அந்தப் புள்ளிக்குள் ஒளிந்திருந்தது.

மற்ற எண்களையும் இப்படியே எழுதிப் பாருங்கள். 0 முதல் 9 வரை 48 முதல் 57 வரை குறியீடு. எவற்றில் ஒற்றைப்படை எண்ணிக்கையில் 1கள் வருகின்றனவோ அவை மட்டும் கெட்டுப்போகும். நான் எழுதிய பட்டியல்தான் உங்களுக்கும் கிடைக்கும்.

ஒரு முக்கியக் கேள்வி: ரௌட்டர் ஏன் பிழை என்று சொல்லவில்லை? நீளத்தைக் கணக்கிட்டால் புரியும். தொடக்க பிட் 1, தரவு 7, பேரிட்டி 1, நிறுத்த பிட் 1, மொத்தம் 10. நான் அமைத்தது தொடக்க பிட் 1, தரவு 8, நிறுத்த பிட் 1, அதுவும் 10. அளவு பொருந்திவிட்டது. வேகத்தைத் தவறாக அமைத்திருந்தால் முதல் எழுத்திலேயே எல்லாம் குப்பையாக வந்திருக்கும், உடனே பிடித்திருப்பேன். பாதி சரியாக இருந்த தவறுதான் என்னை முட்டாளாக்கியது.

அமைப்பை 9600, 7, இரட்டைப்படை, 1 என்று மாற்றினேன். 7 திரும்பி வந்தது. பிறகு அங்கிள் மேசை இழுப்பறையிலிருந்து எடைக் கருவியின் கையேட்டை எடுத்துக் கொடுத்தார். அதே நான்கு மதிப்புகள் அதில் தெளிவாக அச்சிட்டிருந்தன. நான் கேட்டிருந்தால் முதலிலேயே கொடுத்திருப்பார்.

வலைப்பக்கம் ஒரு முகம்தான்

இன்றைக்கு எந்தக் கருவியை வாங்கினாலும் அதற்கு ஒரு வலைப்பக்கம் இருக்கிறது. வீட்டு வைஃபை பெட்டிக்கு இருக்கிறது. பாதுகாப்பு கேமராவுக்கு இருக்கிறது. பெட்டிகளும் பட்டியல்களும் அழகாக இருக்கும். எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம், சேமி என்று அழுத்தலாம். 'வெற்றிகரமாகச் சேமிக்கப்பட்டது' என்று பச்சை நிறத்தில் செய்தியும் வரும். அந்தப் பச்சைச் செய்திக்கு ஒரே ஒரு பொருள்தான்: நீங்கள் சொன்னதை எழுதிக்கொண்டேன். நீங்கள் சொன்னது சரி என்று அது சொல்லவே இல்லை.

புதிய தொழில்நுட்பங்கள் தங்களுக்குள் பேசி ஒத்துப்போகக் கற்றவை. யூ.எஸ்.பி. கம்பியைச் செருகினால் இரு பக்கமும் 'நீ யார், என்ன வேகம்' என்று விசாரித்துக்கொள்ளும். சீரியல் கம்பிக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஆர்.எஸ்.232 என்ற இதன் தரம் 1960இல் வந்தது. இரு முனைகளிலும் ஒரே அமைப்பு இருக்கிறதா என்பதை மனிதர்கள்தான் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். ஆகவே அந்தப் பக்கத்தில் இருக்கும் ஒவ்வொரு பெட்டியும் என்ன கேட்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

வேகம்: ஒரு வினாடிக்கு எத்தனை பிட். 9600 என்றால், ஓர் எழுத்துக்கு 10 பிட் வீதம், வினாடிக்கு 960 எழுத்து. இந்த வேகத்தின் அலகான 'பாட்' என்பது எமில் போதோ என்ற பிரெஞ்சுத் தந்திப் பொறியாளரின் பெயரிலிருந்து வந்தது.

தரவு பிட், பேரிட்டி, நிறுத்த பிட்: மேலே பார்த்தவை. மூன்றையும் சேர்த்தே கருவியின் கையேட்டில் தேட வேண்டும்.

ஓட்டக் கட்டுப்பாடு: 'கொஞ்சம் நிறுத்து, நான் இன்னும் வாங்கி முடிக்கவில்லை' என்று ஒரு முனை மறுமுனைக்குச் சொல்லும் வழி. ஒரு பக்கம் இதை எதிர்பார்த்து, மறுபக்கம் இல்லாமல் இருந்தால் ஓர் எழுத்தும் வராமல் கம்பி ஊமையாக நிற்கும்.

கம்பி வகை: ஆர்.எஸ்.232 ஏறக்குறைய 15 மீட்டர் வரைதான் நம்பலாம். ஆர்.எஸ்.485 குறைந்த வேகத்தில் 1,200 மீட்டர் வரை போகும். ஒரே கம்பியில் பல கருவிகளையும் மாட்டலாம். தோட்டம், ஆலை போன்ற பெரிய இடங்களில் இரண்டாவதைப் பார்ப்பது அதனால்தான்.

செயல்முறை: கம்பியில் வருவதை இணையத்துக்குக் கடத்தவா, அல்லது அதையே ரௌட்டரின் கன்சோலாக மாற்றவா என்ற தேர்வு. கன்சோல் என்பது கருவியின் உள்ளறைக்குப் போகும் நேர்வழி. கம்பியைச் செருகினால் ரௌட்டர் பெயரும் மறைச்சொல்லும் கேட்டு உங்களோடு எழுத்தால் பேசும். அதற்கு வலைப்பக்கம் வேண்டாம், இணையம் வேண்டாம், முகவரியும் வேண்டாம். அந்தப் பெட்டியின் அருமை எனக்கு அடுத்த வாரம்தான் தெரிந்தது.

நானே பூட்டிக்கொண்ட கதவு

ஈப்போ அலுவலகத்தில் உட்கார்ந்து, அதே ரௌட்டரின் வலைப்பக்கத்தைத் தூரத்திலிருந்து திறந்தேன். பாதுகாப்பைக் கூட்டலாம் என்ற நல்லெண்ணம். எங்கள் அலுவலக முகவரியிலிருந்து வருபவர்களை மட்டும் உள்ளே விடு என்று ஒரு விதி எழுதினேன். முகவரியில் ஓர் எண்ணைத் தவறாகத் தட்டிவிட்டேன். சேமி என்று அழுத்தினேன். பக்கம் சுழன்றது, சுழன்றது, பிறகு வெறுமை.

ரௌட்டர் நான் சொன்னதை அப்படியே செய்திருந்தது. நான் சொன்ன முகவரியில் யாரும் இல்லை. ஆகவே யாரையும் உள்ளே விடவில்லை, என்னையும்தான். தவறைத் திருத்த வேண்டிய பக்கம் அந்தத் தவறுக்கு அப்பால் இருந்தது. எடை வருவதும் நின்றுபோனது. அங்கிள் மறுபடியும் நோட்டுக்குத் திரும்பினார்.

கன்சோல் கம்பியைப் பையில் போட்டுக்கொண்டு சுங்கை சிப்புட் பக்கம் கிளம்பினேன். அங்கே போய்க் கம்பியை மாட்டி, வேகத்தை 115200 என்று வைத்து, எண்டர் தட்டியதும் ரௌட்டர் பெயர் கேட்டது. அந்த ஒரு வரியைப் பார்த்ததும் வந்த நிம்மதியைச் சொல்ல முடியாது. விதியை அழிக்க இரண்டு நிமிடம். போக வர ஒன்றரை மணி நேரம்.

அன்று மாலை மேற்பார்வையாளர் சில பழக்கங்களைச் சொல்லிக்கொடுத்தார். சிஸ்கோ கருவியில் ஆபத்தான மாற்றம் செய்யும் முன், 'பத்து நிமிடத்தில் மறுதொடக்கம் செய்' என்று கட்டளை கொடுத்துவிட வேண்டும். மாற்றத்தை அதற்குள் நிரந்தரமாகச் சேமிக்கக் கூடாது. எல்லாம் நன்றாக இருந்தால் அந்தக் கட்டளையை ரத்து செய்து, பிறகு சேமிக்கலாம். வெளியே பூட்டிக்கொண்டால், கருவி தானே மறுபடி எழுந்து பழைய அமைப்புக்குத் திரும்பும். ஜூனிப்பர் கருவிகளில், மாற்றத்தைக் குறிப்பிட்ட நேரத்துக்குள் மறுபடி உறுதி செய்யாவிட்டால் தானாகவே பின்வாங்கும் வசதி உண்டு. மைக்ரோடிக் கருவிகளில் 'பாதுகாப்பு முறை' என்ற ஒன்று இருக்கிறது. இணைப்பு அறுந்தால் மாற்றங்கள் திரும்பப் பெறப்படும். மூன்றும் ஒரே எண்ணம்தான்: நாம் தவறு செய்வோம் என்று முன்பே ஒப்புக்கொள்வது.

பெரியவர்களுக்கும் இதே கதி

எனக்கு நேர்ந்தது சிறுபிள்ளைத் தவறு என்று வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். பிறகுதான் ஃபேஸ்புக்கின் கதையைப் படித்தேன்.

2021 அக்டோபர் 4. மலேசியாவில் நள்ளிரவு நெருங்கும் நேரம். ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் உலகம் முழுவதும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் முடங்கின. வழக்கமான பராமரிப்பின்போது கொடுக்கப்பட்ட ஒரு கட்டளை, அந்நிறுவனத்தின் தரவு மையங்களை இணைக்கும் முதுகெலும்பு வலையமைப்பையே துண்டித்துவிட்டது. அத்தகைய கட்டளையைத் தடுக்க வேண்டிய சோதனை மென்பொருளிலும் பிழை இருந்தது. அவசரத்துக்கென்று வைத்திருந்த தனிப்பாதையும் சேர்ந்தே செயலிழந்தது என்று அந்நிறுவனமே பிறகு விளக்கியது. கடைசியில் பொறியாளர்கள் தரவு மையங்களுக்கு நேரில் போய்த்தான் சரிசெய்ய வேண்டியிருந்தது.

2022 ஜூலை 8இல் கனடாவின் ரோஜர்ஸ் தொலைத்தொடர்பு வலையமைப்பு விழுந்தது. ஒரு கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டனர். அவசர எண்ணைக்கூட அழைக்க முடியாமல் பலர் தவித்தனர். அங்கும் கருவிகளை நிர்வகிக்கும் பாதை, விழுந்துபோன அதே வலையமைப்பை நம்பியிருந்தது. வீட்டுக்குள் பூட்டிய சாவி என்பது இதுதான்.

இதற்காகவே பெரிய நிறுவனங்கள் 'கன்சோல் சர்வர்' என்ற பெட்டியை வைக்கின்றன. ரௌட்டர், சுவிட்ச் என்று பல கருவிகளின் கன்சோல் கம்பிகளை அதில் மாட்டுவார்கள். அந்தப் பெட்டிக்கு வேறொரு நிறுவனத்தின் சிம் அட்டை வழியாகவோ தனி இணைப்பு வழியாகவோ பாதை கொடுப்பார்கள். முன்வாசல் அடைபட்டாலும் பின்வாசல் திறந்திருக்கும். ஆனால் பின்வாசலின் பாதை முன்வாசல் வழியாகப் போகக் கூடாது. ஃபேஸ்புக்கும் ரோஜர்ஸும் பெரும் விலை கொடுத்துக் கற்ற பாடம் அதுவே.

பின்வாசலைத் திருடனும் அறிவான். 2015 டிசம்பர் 23இல் உக்ரைனில் மூன்று மின்விநியோக நிறுவனங்கள் மீது இணையத் தாக்குதல் நடந்தது. ஏறக்குறைய 2,25,000 வாடிக்கையாளர்கள் இருளில் மூழ்கினர். தாக்கியவர்கள் மின்சாரத்தை நிறுத்தியதோடு விடவில்லை. துணைமின் நிலையங்களில் சீரியல் கம்பியை வலையமைப்போடு இணைக்கும் சிறு பெட்டிகளின் உள்மென்பொருளையும் அழித்தெழுதினர். நான் சுங்கை சிப்புட்டில் அமைத்த பெட்டியின் நெருங்கிய உறவினர்கள் அவை. அவை செத்துப்போனதால் தூரத்திலிருந்து மின்சாரத்தைத் திரும்பப் போட முடியவில்லை. ஊழியர்கள் நேரில் போய், கையால் இணைப்பைப் போட்டு, சில மணி நேரத்தில் விளக்கேற்றினர். கையால் செய்யத் தெரிந்தவர்கள் இன்னும் அங்கே இருந்ததுதான் அன்று உதவியது.

அதனால் வலைப்பக்கத்தில் முதல் வேலை, பெட்டியோடு வரும் மறைச்சொல்லை மாற்றுவது. 2016இல் பரவிய மிராய் என்ற தீமென்பொருள் பெரிய தந்திரம் எதுவும் செய்யவில்லை. கேமராக்களிலும் ரௌட்டர்களிலும் யாரும் மாற்றாமல் விட்ட மறைச்சொற்களை ஒவ்வொன்றாக முயன்றது, அவ்வளவுதான். சீரியல் பக்கத்தில் யாருக்கு அனுமதி என்ற பட்டியலையும் நிரப்புங்கள். ஆனால் என்னைப் போல் அவசரமாக அல்ல. தேவையில்லாமல் அந்தப் பக்கத்தைத் திறந்த இணையத்துக்குக் காட்டாதீர்கள்.

பழையது, ஆனால் ஓயவில்லை

'அறுபது வருடப் பழைய கம்பியை இப்போது யார் படிப்பார்கள்?' என்று நண்பர்கள் கேட்கிறார்கள். செயற்கை நுண்ணறிவு பற்றிப் பேசும் காலத்தில் இது கவர்ச்சியாக இல்லைதான். ஆனால் ஈப்போவைச் சுற்றிப் பாருங்கள். காரசெம், யூனிசெம் போன்ற மின்சில்லுத் தொழிற்சாலைகள் நம் ஊரிலேயே இருக்கின்றன. இத்துறை எந்திரங்கள் ஆலைக் கணினியோடு பேசுவதற்கு முதலில் வகுக்கப்பட்ட உலகத் தரமே ஆர்.எஸ்.232 கம்பியின் மேல் அமைந்தது. எடைமேடை, நீர் அளவி, மின் அளவி, ஆய்வகக் கருவி என்று எங்கு போனாலும் பின்பக்கம் ஒரு சீரியல் போர்ட் இருக்க வாய்ப்புண்டு. கருவி இருபது வருடம் உழைக்கும். அதைப் புதிய வலையமைப்போடு இணைத்துத் தருபவர் ஒருவர் வேண்டும்.

அந்த ஒருவர் நம் வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம். ஈப்போவில் 1969இல் தொடங்கிய உங்கு ஒமார் பாலிடெக்னிக், செரி இஸ்கண்டாரில் பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், கம்பாரில் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழக வளாகம் என்று பொறியியல் படிக்க பேராக்கிலேயே வழிகள் உள்ளன. எஸ்.பி.எம். முடித்து என்ன செய்வதென்று யோசிப்பவர்கள் இவற்றையும் கணக்கில் கொள்ளுங்கள்.

வீட்டிலேயே தொடங்கலாம்

பணம் அதிகம் தேவையில்லை. சிஸ்கோவின் பேக்கெட் டிரேசர் என்ற மென்பொருள் இலவசம். பதிவு செய்து இறக்கிக்கொள்ளலாம். அதில் ரௌட்டரையும் கணினியையும் திரையில் வைத்து, கன்சோல் கம்பியால் இணைத்து, அமைத்துப் பழகலாம். வேண்டுமென்றே உங்களை வெளியே பூட்டிக்கொண்டு, கன்சோல் வழியாக மீண்டும் உள்ளே வந்து பாருங்கள். அந்தப் பயத்தை வீட்டில் பழகிவிட்டால் வெளியே கை நடுங்காது.

உண்மையான கம்பி வேண்டும் என்றால், யூ.எஸ்.பி.யிலிருந்து சீரியலுக்கு மாற்றும் கம்பி ஒன்று போதும். ஒன்பது ஊசி கொண்ட முனையில் 2ஆம், 3ஆம் ஊசிகளை ஒரு சிறு கம்பியால் இணையுங்கள். ஒன்று அனுப்புவது, மற்றது பெறுவது. டெர்மினல் மென்பொருளைத் திறந்து ஏதாவது தட்டினால், நீங்கள் தட்டியதே திரும்பி வரும். கம்பி உயிரோடு இருக்கிறதா என்று அறிய இதைவிட எளிய சோதனை இல்லை. நண்பரிடமும் அதே கம்பி இருந்தால், அனுப்பும் கம்பியையும் பெறும் கம்பியையும் குறுக்காக மாற்றி இரு கணினிகளை இணையுங்கள். ஒரு பக்கம் 7 பிட் இரட்டைப்படை, மறுபக்கம் 8 பிட் என்று வைத்து 0 முதல் 9 வரை அனுப்பிப் பாருங்கள். எங்கள் திம்பாங்கில் காணாமல் போன 7ஐ உங்கள் மேசையிலேயே பார்க்கலாம்.

ஒன்றை மறக்க வேண்டாம். உங்களுடையது அல்லாத கருவியின் வலைப்பக்கத்தை, மறைச்சொல் எளிதாக இருக்கிறது என்பதற்காக, திறந்து பார்க்காதீர்கள். அனுமதியின்றி நுழைவது 1997ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டப்படி குற்றம். மின்சாரம், நீர், மருத்துவம் போன்ற துறைகளின் முக்கியக் கட்டமைப்பைப் பாதுகாக்க, 2024 ஆகஸ்டு 26 முதல் இணையப் பாதுகாப்புச் சட்டமும் நடைமுறையில் இருக்கிறது. விளையாட்டு வினையாகிவிடும்.

பாட்டியின் கேள்வி

என் பாட்டி அந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில்தான் பால் மரம் சீவினார். வீட்டில் இந்தக் கதையைச் சொன்னபோது பிட்டும் பேரிட்டியும் அவருக்குப் பிடிபடவில்லை. ஆனால் எடை என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்பல்லாம் ஸ்டோருல பாலைக் கொண்டுபோய் ஊத்துவோம். கிராணி எழுதுறதுதான் எடை. நாங்க என்னத்தக் கண்டோம்? அவரு எழுதுற நம்பரப் பாக்கக்கூட எங்களுக்குப் படிக்கத் தெரியாது" என்றார். சற்றுப் பொறுத்து, "இப்ப அந்த 360ன்னு வந்துச்சே, அதை யாரும் பாக்காம இருந்திருந்தா?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்லவில்லை. அங்கிள் பார்த்தார். நோட்டு இருந்தது. அதனால் தப்பித்தோம். அந்தக் காலத்தில் எண்ணை எழுதியவர் மனிதர். அவரிடம் கேட்கவாவது ஓர் ஆள் இருந்தார். இன்று எண்ணை எழுதுவது ஒரு பெட்டி. அந்தப் பெட்டிக்கு எப்படி எழுத வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பவர் நான். ஒரு பட்டியலில் எட்டா ஏழா என்று நான் தேர்ந்தெடுப்பது, எங்கோ ஒரு சிறுதோட்டக்காரரின் கைக்கு எவ்வளவு பணம் போகிறது என்பதைத் தீர்மானிக்கிறது.

பயிற்சியின் கடைசி வாரம் மறுபடி அங்கே போனேன். மேடையில் ஏறிய லோரிகளின் எடைகளை நோட்டோடு ஒப்பிட்டு, பத்து எண்களும் வந்துவிட்டனவா என்று ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன். மதியம்தான் கடைசியாக 8 வந்தது. பிறகு ஒரு வெள்ளைக் காகிதத்தில் '9600, 7, இரட்டைப்படை, 1' என்றும், ரௌட்டர் கன்சோலுக்கு '115200' என்றும் தமிழிலும் மலாயிலும் எழுதி, பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டினேன். மறைச்சொல்லை அதில் எழுதவில்லை. எனக்குப் பிறகு வருபவர் என்னைப் போல் ஊகிக்க வேண்டியதில்லை.

அங்கிள் அதைப் பார்த்துவிட்டு, "அப்ப நோட்டை நிறுத்திடலாமாம்மா?" என்றார்.

"வேண்டாம் அங்கிள், எழுதுங்க" என்றேன்.